வறண்ட ஆறு சொல்லிக்கொண்டு வராது

(விருத்தாசலம் பக்கம் நல்லூரில் விவசாயத் தொழிலாளர்களும், ஆலை மற்றும் சூளைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழையையும் வெள்ளத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் சிலர் சிரிப்பார்கள். சித்திரையிலும் வைகாசியிலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைகிற ஜனங்களிடம் வெள்ளத்தைப் பற்றி என்ன பேச்சு என்பார்கள். "புயல் வந்தால் கடலூருக்கு வரும், பரங்கிப்பேட்டைக்கு வரும். கடல் எங்கே, நல்லூர் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கரையைக் கடந்துவிட்டது, இனி அபாயமில்லை என்று உள்நாட்டு ஜனங்கள் நினைத்தார்கள். என்ன நடந்தது? அந்தப் புயல் வலுக் குறைந்து, மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து 2ஆம் தேதி காலை வரை, கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தர்மபுரி ஜில்லா அரூரில் 33 சென்டிமீட்டர். ஊத்தங்கரை கடலோர ஊரா? கடலுக்கும் அதற்கும் எண்பது மைலுக்கு மேல். அங்கே ஓராண்டு முழுவதும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் இறங்கியது. ஏரி நிறைந்து வழிந்த வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளைத் தீப்பெட்டிகளைப் போல உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது.

கடலோரத்து மீனவத் தோழருக்குப் புயல் என்றால் என்னவென்று தெரியும். படகைக் கரையேற்றுவார், ரேடியோவைக் கேட்பார், மேட்டுக்குப் போவார். உள்நாட்டில் இருக்கிற நமக்கோ, நமக்கு ஒன்றும் வராது என்ற நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்புத்தான் தோழர்களே, வெள்ளத்தைவிடப் பெரிய அபாயம்.

ஒரு சின்ன ஆற்றின் கதை

இன்னொரு சம்பவத்தையும் நினைவுபடுத்துகிறோம். நம் விருத்தாசலம் ஜங்ஷன் வழியாகத் திருச்சிக்குப் போகிற இருப்புப்பாதையில் நடந்தது அது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி இரவு, சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. 23ஆம் தேதி விடியற்காலை அரியலூரைத் தாண்டியது. அடுத்து மருதையாற்றுப் பாலம். வெள்ளம் பாலத்தின் கரையை அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் கவிழ்ந்தன. தூக்கத்திலேயே 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

மந்திரி பதவி விலகியது சரித்திரத்தில் இருக்கிறது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அந்த ஆற்றை. மருதையாறு என்ன, காவிரியா, கோதாவரியா? பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் போய் விழுகிற சின்ன ஆறு. வருஷத்தில் பல மாதம் மணலும் முள்ளுமாய்க் கிடக்கிற ஆறு. ஆடு மேய்க்கிறவர் குறுக்கே நடந்து போவார். அப்படிப்பட்ட ஆறு ஓர் இரவு மழையில் ஒரு ரயிலையே விழுங்கியது.

பெரிய ஆற்றில் வெள்ளம் வந்தால் படிப்படியாக ஏறும். நாள் கணக்கில் அவகாசம் இருக்கும். சின்ன ஆறும் ஓடையும் அப்படியல்ல. மழை பெய்து சில மணி நேரத்துக்குள்ளாகவே நிரம்பி, கரை புரண்டு, வந்த வேகத்தில் வடிந்தும்விடும். இதைத்தான் திடீர் வெள்ளம் என்கிறோம். இதில் உயிர் பிழைப்பதும் போவதும் மணிக்கணக்கில் இல்லை, நிமிஷக் கணக்கில் இருக்கிறது.

மண் குடித்து முடித்த பிறகு

மழை எப்படி வெள்ளமாகிறது? செராமிக் தொழிலாளர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மண்ணைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த களிமண்ணில் தண்ணீர் ஊற்றினால் முதலில் உறிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாகக் குழையும். ஒரு கட்டத்துக்கு மேல் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது. மேலே நிற்கும், வழிந்து ஓடும். ஐப்பசியில் நம் வயல்கள் அந்த நிலைக்கு வந்துவிடுகின்றன. முதல் மழையை மண் குடிக்கிறது. இரண்டாவது மழையை ஏரி குடிக்கிறது. மூன்றாவது மழை பெய்யும்போது குடிக்க யாரும் இல்லை. அதனால்தான் புரட்டாசியில் 10 சென்டிமீட்டர் பெய்தால் சந்தோஷப்படுகிற நாம், அதே 10 சென்டிமீட்டர் கார்த்திகையில் பெய்யும்போது பயப்பட வேண்டியிருக்கிறது.

10 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு சாண் உயரம்கூட இல்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 4 லட்சம் லிட்டர் தண்ணீர். முப்பதுக்கும் மேற்பட்ட தண்ணீர் லாரிகள் கொண்டுவந்து கொட்டுகிற அளவு. ஒரு ஏக்கருக்கு இவ்வளவு! நூறு ஏக்கரில் 20 சென்டிமீட்டர் பெய்தால் 8 கோடி லிட்டர். அத்தனை தண்ணீரும் ஏதாவது ஒரு வாய்க்கால் வழியாகப் போயாக வேண்டும். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால்? மேலே வீட்டு மனை போட்டிருந்தால்? தண்ணீர் நியாயம் பேசாது, மனுக் கொடுக்காது. பள்ளத்தைப் பார்த்துப் போகும்.

மழையின் போக்கும் மாறி வருகிறது. பூமியின் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். வங்கக் கடலும் சூடேறி வருகிறது. ஆகவே பெய்கிறபோது மழை கொட்டித் தீர்க்கிறது. 2015ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி நினைவிருக்கும். பக்கத்து நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். அந்த மேகம் இன்னும் கொஞ்சம் மேற்கே நகர்ந்து விருத்தாசலத்துக்கும் நல்லூருக்கும் மேலே நின்றிருந்தால்? அது நகரவில்லை என்பது நம் சாமர்த்தியமல்ல.

நம் ஆற்றில் வருவது நம் மழையல்ல

நல்லூருக்கென்று ஒரு தனி நிலைமை இருக்கிறது. மணிமுத்தாறு நம் பக்கம் வருகிறது. கோமுகியும் மயூரா நதியும் இந்த வட்டாரத்தில் அதனோடு சேருகின்றன. கூடும் துறை என்று ஜனங்கள் கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும். ஆனால் ஆறுகள் கூடுகிற இடத்தில் அவற்றின் வெள்ளங்களும் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

இந்த ஆறுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேற்கே கல்வராயன் மலையிலிருந்து. நமக்கு இங்கே தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். வானம் வெளுத்து நட்சத்திரம் தெரியலாம். மலையில் மாலையில் பெய்த மழை, நாம் தூங்குகிற நேரத்தில் இங்கே வந்து சேரும். ஆகவே நம் கூரையில் விழுகிற மழையைப் பார்த்து ஆற்றை எடை போடக் கூடாது.

மலையடிவாரத்தில் இரண்டு அணைகள் இருக்கின்றன. கோமுகி அணையின் உயரம் 46 அடி. மணிமுத்தாறு அணையின் உயரம் 36 அடி. பாசனத்துக்காகக் கட்டிய அணைகள் அவை. எத்தனையோ ஏக்கருக்குச் சோறு போடுகின்றன. ஆனால் மேட்டூரைப் போல வெள்ளத்தை நாள் கணக்கில் பிடித்து வைக்கிற வயிறு அவற்றுக்குக் கிடையாது. நிறைந்துவிட்டால் மேலேயிருந்து வருவதைக் கீழே திறந்து விட்டாக வேண்டும். விடாவிட்டால் அணைக்கே ஆபத்து. அணையைத் திறப்பதைக் குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. திறக்கிற செய்தி தண்ணீருக்கு முன்னால் நம்மிடம் வந்து சேருகிறதா? அதுதான் கேள்வி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த அணைகள் 2019இல் உண்டான கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கின்றன. நாம் கடலூர் ஜில்லாவில் இருக்கிறோம். செய்தி அங்கே ஒரு கலெக்டர் ஆபீசிலிருந்து இங்கே ஒரு கலெக்டர் ஆபீசுக்கு வர வேண்டும். அங்கிருந்து தாசில்தாருக்கு, கிராம நிர்வாக அலுவலருக்கு, பிறகு தண்டோராவுக்கு. தண்ணீருக்கு இத்தனை படிகள் கிடையாது. அதற்கு ஜில்லா எல்லையும் தெரியாது, ஆபீஸ் நேரமும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது.

2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது சர்க்கார். போதவில்லை என்றார்கள் மற்றவர்கள். சட்டசபையில் விவாதம் நடந்தது. அந்த விவாதத்துக்குள் நாங்கள் இப்போது போகவில்லை. ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறோம்: எச்சரிக்கை அனுப்பப்பட்டதா என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. ஆற்றோரக் குடிசையில் இருக்கிற கடைசிக் குடும்பத்தின் காதில் அது விழுந்ததா என்று கேட்க வேண்டும். அனுப்பியதற்கு ரசீது இருக்கலாம். விழுந்ததற்கு மனிதர்தான் சாட்சி.

ஏரி கோடி போகும்போது

ஆறு ஒரு பக்கம் இருக்கட்டும். ஏரியைப் பார்ப்போம். நம் முன்னோர்கள் ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். மேல் ஏரி நிறைந்து கோடி போனால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரும். அது நிறைந்து அடுத்ததற்குப் போகும். அறிவாளிகளின் வேலை அது! ஆனால் சங்கிலிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வளையம் அறுந்தால் மொத்தமும் அறுந்து போகும். மேல் ஏரி உடைந்தால் அதன் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழ் ஏரிக்கு வரும். கீழ் ஏரி அதைத் தாங்காது. அதுவும் உடையும். இப்படி வரிசையாகப் போகும்.

ஏரி ஏன் உடைகிறது? உபரித் தண்ணீர் போகக் கலிங்கு இருக்கிறது. கலிங்குக்குக் கீழே வாய்க்கால் இருக்க வேண்டும். அந்த வாய்க்காலைச் சிலர் ஆக்கிரமித்து வரப்புப் போட்டிருப்பார்கள். அல்லது, இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று கலிங்கின் மேல் மண்மூட்டை அடுக்கியிருப்பார்கள். கரையில் எலி வளையும் நண்டு வளையும் இருக்கும். முள் மரம் வேர் விட்டிருக்கும். போக வழியில்லாத தண்ணீர் கரை மேல் ஏறும். கரை மேல் ஒரு விரல் அளவு வழிந்தால் போதும், மண்கரை ஒரு மணி நேரம்கூட நிற்காமல் போகலாம். உடைப்பைத் தண்ணீர் மட்டும் உண்டாக்குவதில்லை. கலிங்கைக் கவனிக்காதவர்களும் கூட நின்று உண்டாக்குகிறார்கள்.

ஏரிக் கரையைக் காப்பாற்றியவர்கள் யார்? இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1858இல் வெள்ளைக்காரச் சர்க்கார் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டது. கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். ஏரியோ ஆற்றுக் கரையோ உடையும் அபாயம் வந்தால், கிராமத்து உழைப்பாளிகளைக் கூப்பிட்டுக் கட்டாயமாக வேலை வாங்கலாம். வர மறுத்தால் தண்டனை. கொட்டுகிற மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மண் சுமந்தவர்கள் நம் பாட்டன்மார். கரை காப்பாற்றப்பட்டது. அந்தக் கரையால் பாய்ந்த நிலம் யாருக்கு இருந்தது? மண் சுமந்தவன் திரும்பிப் போனபோது அவன் குடிசை இருந்ததா? அந்தச் சட்டம் இதைக் கேட்கவில்லை. இந்தக் காலத்திலாவது நாம் கேட்க வேண்டும்.

பள்ளத்தில் குடிவைத்தது யார்?

எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மேட்டுத் தெரு எது, பள்ளத் தெரு எது? கோயிலும் மாடி வீடும் எங்கே இருக்கின்றன? காலனி எங்கே இருக்கிறது? ஓடைக்கரையில், ஏரி உள்வாயில், கலிங்குக்குக் கீழே, வாய்க்கால் புறம்போக்கில்! அந்த இடத்தை நம் ஜனங்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தார்களா? வேறு எந்த இடத்திலும் குடியிருக்க விடாததால் அங்கே போனார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாதியும் நிலவுடைமையும் சேர்ந்து வகுத்த வரைபடம் அது. வெள்ளம் வரும்போது அதே வரைபடத்தின்படிதான் வருகிறது.

2015 நவம்பர் வெள்ளத்தில் பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் என்ன நடந்தது? ஓடையில் வந்த திடீர் வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. குழந்தைகளும் பெண்களுமாகப் பலர் மாண்டார்கள். அது மகாநதியல்ல தோழர்களே, ஓடை! கடலூர் ஜில்லாவில் அந்த வருஷம் மிகவும் அடிபட்டவர்கள் தாழ்ந்த இடங்களில் குடியிருந்த தலித் மக்கள். மழை எல்லார் மேலும் ஒரே அளவில்தான் பெய்தது. வெள்ளம் எல்லார் வீட்டிலும் ஒரே அளவில் நுழையவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகும் இந்தக் கணக்கு தொடர்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் அழிந்தால் நிவாரணம் உண்டு. அதைப் பட்டாவையும் அடங்கலையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். சிறு விவசாயிக்கு அது கட்டாயம் வேண்டும், அதுவும் காலத்தோடு வேண்டும். ஆனால் மக்காச்சோளம் அழுகிப் போனால் அறுவடைக் கூலி போயிற்றே! பருத்தி நனைந்து கறுத்துப் போனால் எடுக்கிற பெண்களுக்கு வேலை இல்லையே! அந்தக் கூலி நாட்களுக்குப் பயிர் நிவாரணக் கணக்கில் இடமில்லை. சூளைத் தொழிலாளியின் நிலைமையும் இதுதான். மழை நாளில் மண் காயாது. மண் காயாவிட்டால் சூளை எரியாது. சூளை எரியாவிட்டால் அடுப்பும் எரியாது. வயலில் பயிரை இழந்தவனும், பட்டறையில் கூலியை இழந்தவனும் ஒரே வெள்ளத்தில் அடிபட்டவர்கள். இருவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.

அயல்நாட்டு அனுபவம்

இது ஏழை நாட்டுக்கு மட்டும் நேருகிற கதியா? 2024ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி ஸ்பெயின் தேசத்தில் வலென்சியா பிரதேசத்தைப் பாருங்கள். பணக்கார நாடு, தார்ச்சாலைகள், கார்கள், கைக்குக் கை டெலிபோன். மேட்டுப் பகுதியில் பேய் மழை பெய்தது. கீழே பல ஊர்களில் மழையே அதிகம் இல்லை. ஆனால் வருஷம் முழுவதும் காய்ந்து கிடக்கிற ஓர் ஓடை வழியே அந்த வெள்ளம் இறங்கி வந்தது. காலையிலேயே வானிலை இலாகா சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. அந்தப் பிரதேசத்துச் சர்க்கார் ஜனங்களின் டெலிபோனுக்கு அபாயச் செய்தி அனுப்பியபோது மணி இரவு எட்டைத் தாண்டிவிட்டது. அதற்குள் தெருக்களில் தண்ணீர் புகுந்திருந்தது. எத்தனையோ தொழிலாளர்கள் அன்றைக்கும் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும்போது வழியில் சிக்கினார்கள். 220க்கும் அதிகமானோர் மாண்டார்கள். மக்கள் மாதந்தோறும் தெருவில் இறங்கிக் கேள்வி கேட்டார்கள். ஓராண்டு கழித்து 2025 நவம்பரில் அந்தப் பிரதேசத்தின் தலைவர் பதவி விலகுவதாக அறிவிக்க நேர்ந்தது.

செல்வமும் விஞ்ஞானமும் இருந்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. செய்தி நேரத்தோடு வர வேண்டும். வந்த செய்தியைக் கேட்டு வேலையை நிறுத்துகிற உரிமை தொழிலாளிக்கு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது பயன்படாது.

செய்ய வேண்டியது என்ன?

தோழர்களே! இவ்வளவும் சொல்லிவிட்டு உங்களைப் பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்ப நாங்கள் வரவில்லை. நம் கையால் ஆகிற காரியங்கள் பல இருக்கின்றன.

முதலாவது, மழையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வானிலை இலாகா ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை என்கிறது. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. 20க்கு மேல் அதிகனமழை. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்கு. கடலூருக்கு என்ன நிறம் என்று பார்ப்பதோடு கள்ளக்குறிச்சிக்கு என்ன நிறம் என்றும் பார்க்க வேண்டும். நம் ஆற்றின் தலைவிதி அங்கே இருக்கிறது. வீட்டிலும் அளக்கலாம். நேரான சுவருள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்கள். பிள்ளைகளின் ஸ்கேலால் தேங்கிய தண்ணீரை அளந்தால் அதுதான் மழையின் அளவு. தெருவுக்கு ஒரு டப்பா, அதை எழுதி வைக்க ஒரு பள்ளிப் பிள்ளை. செலவில்லாத காரியம்.

இரண்டாவது, மழைக்கு முன்னால் கோரிக்கை வைக்க வேண்டும். கிராம சபை வருஷத்தில் ஆறு முறை கூட வேண்டும். ஆகஸ்டு 15ஆம் தேதியும் அக்டோபர் 2ஆம் தேதியும் வருகிற சபைகள் மழைக்கு முந்தியவை. அந்த இரண்டு சபைகளிலும் கூலிக்காரத் தெருவிலிருந்து ஒருவர் பாக்கியில்லாமல் போய் உட்கார வேண்டும். எந்தக் கலிங்கு அடைபட்டிருக்கிறது, எந்த வாய்க்கால் ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கரை பலவீனம் என்று ஊர் பெயரோடு தீர்மானமாக எழுத வேண்டும். நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய ஊரக வேலை எந்தப் பெயரில் வந்தாலும், முதல் வேலை கலிங்கும் உபரி வாய்க்காலும் என்று கேட்க வேண்டும். 1858இல் பாட்டன் கட்டாயத்துக்குச் செய்த வேலையைப் பேரன் கூலியோடும் கௌரவத்தோடும் செய்யட்டும். ஓடைக்கரைக் குடும்பங்களுக்கு மேட்டில் மனையும் பட்டாவும் கேட்க வேண்டும். வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் எட்டாத தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டால் ஜனங்கள் திரும்பி வந்துவிடுவார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே மேட்டு நிலம் வேண்டும்.

மூன்றாவது, செய்திக்கு ஒரு வழி அமைக்க வேண்டும். அணை திறக்கிற செய்தி கள்ளக்குறிச்சியிலிருந்து கரையோரப் பஞ்சாயத்துகளுக்கு நேராக, உடனே வர வேண்டும் என்று இரண்டு கலெக்டர்களிடமும் மனுக் கொடுக்க வேண்டும். டெலிபோனை மட்டும் நம்பிப் பயனில்லை. மழையில் கரண்டும் போகும், டவரும் போகும். கோயில் மணி, பள்ளிக்கூட மணி, பறை, ஒலிபெருக்கி எது அடித்தால் வெளியேற வேண்டும் என்பதை ஊர் கூடி முன்பே முடிவு செய்ய வேண்டும். தனியாக இருக்கிற கிழவி யார், நடக்க முடியாதவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், அவர்களை எந்த இளைஞர் தூக்கி வருவது என்று பெயர் எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்கூடமோ மண்டபமோ எதுவானாலும் அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த மேட்டு இடத்தில் எல்லாத் தெருக்காரர்களும் ஒன்றாகத் தங்குவார்கள், ஒரே பானைச் சோறு சாப்பிடுவார்கள் என்பதையும் இப்போதே ஊர் அறியச் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, வேலை செய்கிற இடம். சிவப்பு எச்சரிக்கை நாளில், தரைப்பாலம் மூழ்குவதற்கு முன்பே தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்த நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று முதலாளிகளிடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு பேச முடியாது. ஒரு நாள் கூலிக்குப் பயந்து தரைப்பாலத்தில் இறங்குகிறவனை ஆறு மட்டும் கொல்வதில்லை, அந்தப் பயமும் சேர்ந்துதான் கொல்கிறது.

ஐந்தாவது, அந்த இரவில். ஓடுகிற தண்ணீரை லேசாக நினைக்காதீர்கள். அரை அடி ஆழத்தில் வேகமாக ஓடினால் ஆளையே தள்ளிவிடும். ஒரு அடியில் சின்ன காரும் மிதக்கும். இரண்டு அடியில் பெரிய வண்டியையும் புரட்டிவிடும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது என்றால், அடியில் பாலம் இருக்கிறதா என்பதே நமக்குத் தெரியாது. மூன்று மணி நேரம் காத்திருந்தால் வடிந்து போகிற தண்ணீருக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகி, சருகும் கிளையும் நுரையும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள். ஆடு மாடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட்டுப் போங்கள். கயிறு இல்லாத மாடு நீந்திப் பிழைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, நல வாரிய அட்டை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு இப்போதே கட்டி வையுங்கள். ஜில்லா வெள்ளக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாகாணத்துக்கு 1070. இந்த இரண்டையும் வீட்டுச் சுவரில் கரியால் எழுதுங்கள்.

ஆறாவது, மறுநாள். கணக்கெடுக்க வருகிற அதிகாரிக்காகக் காத்திருக்காமல் நாமே கணக்கெடுக்க வேண்டும். எத்தனை குடிசை, எத்தனை ஆடு, எத்தனை ஏக்கர், எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி போயிற்று என்று தெருவாரியாக எழுதி, போட்டோ எடுத்து, எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். தனியாகப் போகிற மனு மேஜைக்கு அடியில் போகும். நூறு பேர் சேர்ந்து கொண்டுபோகிற மனுவுக்கு ரசீது கிடைக்கும்.

தோழர்களே! மழை நமக்குப் பகையல்ல. மழை இல்லாவிட்டால் நமக்கு வயலும் இல்லை, வேலையும் இல்லை. ஏரி கோடி போகிற நாளில் நம் ஊர்க் குழந்தைகள் குதித்து ஆடுகிறார்கள், அது நியாயமான சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஓர் இரவில் ஒப்பாரியாக மாறாமலிருக்கத்தான் இவ்வளவும் சொன்னோம். மேகத்தைத் தடுக்க நம்மால் முடியாது. கலிங்கைத் திறந்து வைக்க முடியும். மலையில் பெய்கிற மழையை நிறுத்த முடியாது. மலையிலிருந்து செய்தியை வரவழைக்க முடியும். பள்ளத்தில் பிறந்ததை மாற்ற முடியாது. மேட்டில் குடியேறுகிற உரிமையைக் கேட்டு வாங்க முடியும்.

ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கூட்டம் கலைவதற்குள் தெருவுக்கு இரண்டு பேர் பெயர் கொடுங்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். நாளைக் காலையில் அவர்களோடு ஏரிக்கரை மீது நடப்போம். எந்த இடத்தில் கரை தாழ்ந்திருக்கிறது, எந்த இடத்தில் வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்று நம் கண்ணாலேயே பார்த்து எழுதுவோம். தண்ணீர் அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாம் கண்டுபிடித்துவிட வேண்டும்.